ஆபீசுல டாக்கா, ஹைலக்ஸ்ல டாக்கா: தோட்டத்துக்கு எந்த சேட்லைட் போன் செட்டு?

மலேசியாவுல, பேராக் சுங்கை சிப்புட்ல இருந்து உள்ள போற எங்க செம்பனைத் தோட்டத்துல ஆபீச தாண்டி ரெண்டு வளைவு போனா ஹேண்ட்போன்ல லைன் சுத்தமா இல்ல. சேட்லைட் போன் வாங்கணும்னு மேனேஜர் முடிவு பண்ணதும் வேல ஆபீஸ் கிளார்க்கான கிராணி என் தலையில விழுந்துச்சு. வெறும் போன் போதுமா, ஆபீசுல டாக் (போன சொருகி வைக்கிற பெட்டி) வைக்கிறதா, இல்ல ஹைலக்ஸ் பிக்கப் காடியிலயான்னு மூணு மாசம் மண்டையப் பிச்சிக்கிட்டேன் லா.

வெறும் போன் கதைய சீக்கிரம் முடிச்சிடறேன். வெல கம்மி, ஆனா மேசை டிராயர்லயே கெடக்கும், தேவப்படுற அன்னிக்கி பேட்டரி செத்திருக்கும், மழையில வெளிய போய் ஏரியல நிமித்திப் பிடிச்சிக்கிட்டு கத்தணும், யாராச்சும் கூப்பிட்டாலும் உள்ள இருக்கிற நமக்கு மணியே அடிக்காது. டாக்ல சொருகி வச்சா சார்ஜும் ஏறும், கூரை மேல இருக்கிற ஏரியல்ல சிக்னலும் எடுக்கும், சாதா கார்ட்லெஸ் போனையும் அதுல மாட்டிக்கலாம். (ஸ்டார்லிங்க் 2023லயே வந்திருச்சேம்பாங்க, வாட்ஸாப்புக்கு அதுதான் ராஜா, ஆனா கரண்டு போனா ஜெனரேட்டர் தேடணும், டாக்குக்கு ஒரு 12 வோல்ட் பேட்டரி போதும்.)

அடுத்து எந்த சேட்லைட்டுங்கிறது. இரிடியம் கம்பெனிக்கு 66 சேட்லைட்டு, சுமார் 780 கிலோமீட்டர் மேல சுத்திக்கிட்டே இருக்கு, ஒன்னு தலைக்கு மேல கடந்து போக பத்து நிமிஷம் கூட ஆகாது, போற நேரம் நாம பேசுற லைன இன்னொன்னுக்கு மாத்திக் குடுக்கும். அதனால நாலா பக்கமும் வானம் தெரியணும். இன்மார்சாட்டோட ஐசாட்போன் 2 வேற மாதிரி. அதோட சேட்லைட்டு பூமத்திய ரேகைக்கு மேல 35,786 கிலோமீட்டர்ல ஒரே எடத்துல நிக்குது, நம்ம நாடு ரேகைக்குப் பக்கத்துலயே இருக்கிறதால அதைக் கிழக்க இல்லாட்டி மேக்கதான் தேடணும், அந்த ஒரு பக்கம் மரம் மறைக்காம இருந்தா போதும், அசையாம நிக்கும். ஆனா நாம பேசி அரை வினாடிக்கு மேல கழிச்சுதான் பதில் வரும், ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசிட்டு ஒரே நேரத்துல வாய மூடிக்குவோம். துராயா டாக் செகண்ட் ஹேண்டுல சீப்பா கெடைக்குதுன்னா திரும்பிப் பாக்காதீங்க, நம்ம பக்கத்துக்கு இருந்த துராயா 3 சேட்லைட்டு 2024 ஏப்ரல்ல பழுதாயி சேவையே நின்னு போச்சு. டாக்க மாடல் பாத்து வாங்கணும், இரிடியம் 9555க்கு உள்ளதுல 9575 உக்காராது.

ஆபீஸ் டாக்குல எல்லாமே ஏரியல் நிக்கிற எடம்தான். எங்களுக்கு வந்த வயர்மேன் ஏணி சின்னதுன்னு சிங்க் கூரைக்கு ஓரமா, தாவாரத்துக்குக் கீழ மாட்டிட்டுப் போயிட்டாரு, பாதி வானம் தகரம். மில்லுக்கு லோரி கணக்கு சொல்லிக்கிட்டே இருப்பேன், நாலாவது நிமிஷம் கட். அப்புறம் கூரை உச்சிக்கு பைப் போட்டோம், கேபிள் நீளமாச்சு, அதுல இன்னொரு வம்பு: இரிடியத்துக்கு கேபிள்ல 3 டெசிபல், அதாவது பாதி பவர், அதுக்கு மேல போகக் கூடாது, மெல்லிசான ஆர்ஜி 58 நாலஞ்சு மீட்டர்லயே அத குடிச்சிடும், தடிச்ச எல்எம்ஆர் 400 பதினஞ்சு மீட்டர் வரைக்கும் தாங்கும். ஜாயிண்ட்ட ரப்பர் டேப்பால இறுக்கிச் சுத்தி, வீட்டுக்குள்ள நுழையற முன்ன கேபிள கொஞ்சம் தொங்க விட்டு வளைச்சா மழைத்தண்ணி அங்கயே சொட்டிடும்.

இடி விஷயத்துல கஞ்சத்தனம் பண்ணாதீங்க. நம்ம சாயங்கால மழை எப்படின்னு தெரியும்ல. பைப்புக்கு எர்த்து, கேபிள் உள்ள வர்ற எடத்துல அரெஸ்டர் (இடி கரண்ட எர்த்துக்குத் திருப்பி விடுறது), ரெண்டையும் கட்டடத்தோட எர்த்துலயே சேக்கணும், தனியா ஒரு கம்பிய மண்ணுல குத்தி விட்டா பத்தாது. இன்மார்சாட் ஏரியலுக்கு கேபிள் வழியாவே கரண்டு போகும், அதனால அந்த டிசி கரண்ட தடுக்காம விடுற அரெஸ்டர் கேட்டு வாங்குங்க. வானம் கருக்கும்போதே கேபிள கழட்டிடணும், இடிக்க ஆரம்பிச்ச பெறகு அதத் தொடவே தொடாதீங்க, வயர் வச்ச ரிசீவர்லயும் பேச வேணாம்.

ஹைலக்ஸ் டாக் மாட்ட சுலபம், காப்பாத்தறது கஷ்டம். பேட்டரிக்குப் பக்கத்துலயே பியூஸ் வேணும், சாவி வயரையும் சேக்கணும், இல்லாட்டி காடி சும்மா நின்னாலே பேட்டரி எறங்கிடும். ஏர்பேக் விரியற எடத்துல டாக்க வைக்காதீங்க, ஓட்டிக்கிட்டே டயல் பண்ணாதீங்க. ஏரியல் கூரை நடுவுல நிக்கணும், ஆனா செம்பனை மட்டை தாழத் தொங்கற ரோட்டுல ஒரு சொடுக்குதான், காந்தத்தோட பறந்துரும். மரத்தடியில எந்த நெட்வொர்க்கும் திணறும், காடிய வெட்டவெளிக்கு கொண்டு வந்துதான் பேசணும்.

டயல் பண்றதும் வேற மாதிரி: 00 60, பெறகு முதல் சைபர விட்டுட்டு நம்பர், ஈப்போ லைன்னா 00 60 5ன்னு ஆரம்பிக்கும். 999 அடிச்சா நம்ம ஊரு ஸ்டேஷனுக்கே போகும்னு நம்பாதீங்க. போலீஸ், ஆஸ்பத்திரி, பொம்பா (தீயணைப்பு) மூணு நம்பரையும் முழுசா எழுதி டாக் மேலயே ஒட்டியிருக்கேன்.

எங்களுக்கு ஆபீஸ் டாக், இரிடியம், அதுதான் முடிவு. சுத்தி கூரைக்கு மேல மரமில்லாததால அது ஒத்து வந்துச்சு, ஒரு பக்கம் மலை மறைக்கிற தோட்டம்னா நான் இன்மார்சாட்டத்தான் எடுத்திருப்பேன். ஹைலக்ஸுக்கும் ஒன்னு வேணும்னு மேனேஜர் கேக்குறாரு, மொதல்ல ரோட்டோரத்து மட்டைய வெட்ட ஆள் போடுங்கன்னு சொல்லியிருக்கேன்.