எக்ஸ்சேஞ்சில் வாங்கும் கலவை மண்: வடசென்னை மாடித்தோட்டக்காரர்கள் கவனத்துக்கு

கொடுங்கையூர், மாதவரம், பெரம்பூர் பக்கம் தக்காளி வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு மண் வாங்குங்கள். கலவை மண் நிரப்பிய குரோ பேக்கையும் (செடி வளர்க்கும் பை) நாற்றையும் சேர்த்து விற்கும் ஒரு கடை என்னை ஏமாற்றிவிட்டது.

பிஞ்சு இறங்கும் நேரத்தில் ஒரு செடி மதியம் துவண்டது, சாயங்காலம் நிமிர்ந்தது. பிறகு நிமிரவே இல்லை. இலையில் மஞ்சளோ புள்ளியோ கிடையாது, பச்சையாகவே செத்தது. கடைக்காரர் முதலில் "தண்ணி பத்தலக்கா" என்றார். அடுத்த முறை "பூஞ்சைதான்க்கா, இத ஊத்துங்க, துளிர் வந்துடும்" என்று லேபிளே இல்லாத ஒரு பாட்டிலைக் கொடுத்து 350 ரூபாய் வாங்கினார். பில் கேட்டதற்குப் பதிலே இல்லை. அதே மண்ணில் இருந்த கத்தரியும் மிளகாயும் வரிசையாகப் போயின. காய்த்து நின்ற செடிகள். வயிறு எரிகிறது.

இது பாக்டீரியா வாடல் நோய். வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். வாடிய செடியின் தண்டை அடிப்பக்கம் வெட்டி, வெட்டிய முனை தண்ணீரில் படும்படி கண்ணாடி டம்ளரில் தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் பால் போல வெள்ளை இழை இறங்கினால் அதுதான். என் டம்ளரில் தெளிவாக இறங்கியது. கிருமி மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும், வாடிய செடியைப் பிழைக்க வைக்க எந்த மருந்தும் இல்லை. இலை சுருண்டு குட்டையாகிப் போவது வேறு, அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ்.

மண் எங்கிருந்து வந்தது என்பதைப் பிறகு கண்ணாலேயே பார்த்தேன். செடி செத்த பைகளை "எக்ஸ்சேஞ்ச்" என்று தள்ளுபடி கொடுத்துத் திரும்ப வாங்குகிறார்கள். அந்த மண்ணைக் கடைக்குப் பின்னால் கொட்டி, தேங்காய் நார்த்தூளும் தொழுவுரமும் சேர்த்துக் கிளறி, புதுப் பையில் நிரப்புகிறார்கள். கிளறிய குவியலில் பழைய கத்தரி வேர் கிடந்தது. கேட்டதற்கு, "எல்லாரும் இப்டித்தான்க்கா பண்றாங்க."

1968 பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பூச்சி, பூஞ்சை மருந்து விற்க உரிமம் வேண்டும். பாட்டிலில் பதிவு எண், தயாரிப்புத் தேதி, காலாவதித் தேதி எல்லாம் இருக்க வேண்டும். இல்லாததைத் தொடாதீர்கள். நோயைப் பற்றிக் கேட்க உழவர் அழைப்பு மையம் 1800 180 1551, தமிழிலேயே பேசலாம். நுகர்வோர் புகாருக்கு 1915.

மறுபடி வைப்பதானால் பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் இந்த வாடலைத் தாங்கும் தக்காளி ரகம். விதையை மூடிய பாக்கெட்டில் வாங்குங்கள். செத்த செடியின் மண்ணை மட்டும் எந்தத் தள்ளுபடிக்காகவும் கடைக்குத் திருப்பிக் கொடுக்காதீர்கள், அது இன்னொரு வீட்டு மாடிக்குத்தான் போகிறது.