எந்திரத்துக்கு எது தெரியாது? மூன்று கண்காணிப்புப் படங்கள்

கண்காணிப்புத் தொழில்நுட்பத்தை வைத்து எடுக்கப்பட்ட அதிரடிப் படங்களைப் பற்றிப் பேசும்போது, அவற்றில் வரும் எந்திரம் எவ்வளவு சக்தி வாய்ந்தது என்பதிலிருந்தே பலரும் தொடங்குகிறார்கள். நான் தலைகீழான அளவுகோல் ஒன்றை வைத்திருக்கிறேன். அந்த எந்திரத்துக்கு எது தெரியாது, அதன் பார்வை எந்த இடத்தில் மங்குகிறது என்பதைப் படம் எவ்வளவு தெளிவாக வரையறுக்கிறதோ, அவ்வளவுக்குத்தான் துரத்தலில் விறுவிறுப்பு இருக்கும். எல்லாம் அறிந்த ஒன்றிடமிருந்து நாயகன் தப்பித்தால், அது கதாசிரியர் போட்ட பிச்சை. 1998, 2008, 2023 ஆகிய ஆண்டுகளில் வந்த மூன்று ஹாலிவுட் படங்களை இந்த அளவுகோலால் அளந்து பார்க்கிறேன். முக்கியத் திருப்பங்களைத் தொடாமல் இதைச் செய்ய இயலாது என்பதால், படங்களை இன்னும் பார்க்காதவர்கள் யோசித்துக்கொண்டு மேலே படிக்கலாம்.

முதலாவது, டோனி ஸ்காட் இயக்கிய ‘எனிமி ஆஃப் தி ஸ்டேட்’. கண்காணிப்பு அதிகாரங்களை விரிவாக்கும் மசோதாவுக்கு உடன்பட மறுக்கும் அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினர் ஒருவர் நீர்நிலை ஓரத்தில் கொல்லப்படுகிறார்; கொலையை நடத்துபவர் தேசியப் பாதுகாப்பு முகமையான என்.எஸ்.ஏ.வின் உயர் அதிகாரி. பறவைகளைப் படம்பிடிக்க ஆய்வாளர் ஒருவர் வைத்திருந்த கேமராவில் அது பதிந்துவிடுகிறது. துரத்தப்படும் ஆய்வாளர், பெண்களின் உள்ளாடைக் கடையில் மனைவிக்குப் பரிசு வாங்கிக்கொண்டிருக்கும் வழக்கறிஞர் டீனின் பைக்குள் அந்தப் பதிவை அவருக்கே தெரியாமல் போட்டுவிடுகிறார். டீனாக நடித்தவர் வில் ஸ்மித்.

இதன் பிறகு வரும் ஒரு காட்சிதான் இந்த வகைப் படங்களுக்கெல்லாம் தாய். கடையின் கேமராப் பதிவை எடுத்து வைத்துக்கொண்டு, என்.எஸ்.ஏ.வின் இளம் தொழில்நுட்பக்காரர்கள் அந்த உருவத்தைத் திரையில் முப்பரிமாணமாகச் சுழற்றி, பையின் மறுபக்கத்தில் நிழல் மாறியிருப்பதைக் கண்டுபிடிக்கிறார்கள். ஒரே ஒரு கேமரா எடுத்த படத்தில் அது பார்க்காத பக்கத்தை யாராலும் திருப்பிக் காட்ட முடியாது; தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் இந்தக் காட்சியைக் கேலி செய்ததில் நியாயம் உண்டு. ஆனால் அந்த அறையிலேயே ஒருவர், மறுபக்கத்தைக் கணினி ஊகிக்கத்தான் செய்யும் என்று சொல்லிவிடுகிறார். காணாத பக்கத்தை நிரப்பித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் கைபேசிக்கே வந்துவிட்ட இன்று, அந்த ஒற்றை வசனம் அன்றைக்கு இருந்ததைவிடக் கனமாக ஒலிக்கிறது.

படத்தின் பலம் முழுவதும் அந்த அறையில்தான் இருக்கிறது. நடிகர் ஜாக் பிளாக் உள்ளிட்ட அந்த இளைஞர்கள் திரைக்கு முன் அரட்டையடித்துக்கொண்டே ஒரு மனிதனின் வாழ்க்கையைக் குலைக்கிறார்கள். எதற்காக என்பது அவர்களுக்கே முழுதாகத் தெரியாது. எந்தக் கேமராவின் பார்வையும் ஒரு மனிதக் கண் வழியாகத்தான் போயாக வேண்டும் என்பதால், அலுப்பும் அவசரமும் தவறான கணிப்பும் கூடவே வந்துவிடுகின்றன. மேலிருந்து நேர்கீழே பார்க்கும் செயற்கைக்கோள், தலை நிமிராமல் நடப்பவனின் முகத்தைக் காட்ட முடியாமல் திணறுகிறது. காலணியிலும் கைக்கடிகாரத்திலும் பேனாவிலும் ஒளித்துவைத்த ஒற்றுக் கருவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எறிந்தால், பின்தொடர்பவர்கள் குருடாகிவிடுகிறார்கள். ஜீன் ஹாக்மன் நடித்த முன்னாள் ஒற்றர் பிரில், அலைகள் உள்ளே வராதபடி செம்புக் கம்பி வலையால் சூழப்பட்ட கூண்டுக்குள் தன் பட்டறையை நடத்துகிறார். இப்படி ஒவ்வொரு எல்லையும் பார்வையாளருக்கு முன்கூட்டியே காட்டப்பட்டுவிடுவதால், ஓட்டம் ஒவ்வொன்றும் ஒரு கணக்காக மாறுகிறது. என்.எஸ்.ஏ. கோப்பில் இருக்கும் பிரிலின் இளவயதுப் படம், 1974ல் ஹாக்மன் ஒட்டுக்கேட்பவராக நடித்த ‘தி கான்வர்சேஷன்’ படத்திலிருந்து எடுத்தது. அறிந்தவர்களுக்கு அது ஒரு சிறிய விருந்து.

குறை இல்லாமல் இல்லை. தாழ்ந்த சுற்றுப்பாதையில் போகும் உளவு செயற்கைக்கோள் ஓரிடத்தின் மேல் சில நிமிடங்களில் கடந்து போய்விடும். தெருவில் ஓடுபவனை அது விடாமல் நேரலையில் தொடர்வது கற்பனை. உண்மை வேறு திசையில் போனது. என்.எஸ்.ஏ.வில் ஒப்பந்த ஊழியராக இருந்த எட்வர்ட் ஸ்னோடென் 2013ல் வெளியிட்ட ஆவணங்கள் காட்டியது, ஒருவனை விரட்டும் செயற்கைக்கோளை விடச் சலிப்பூட்டும் ஒன்றை: கோடிக்கணக்கானோரின் தொலைபேசி அழைப்பு விவரங்கள் மொத்தமாகச் சேர்த்துவைக்கப்படுவதை. ஆனாலும் படத்தின் தாக்கம் சிறியதல்ல. 1999ல் என்.எஸ்.ஏ.வின் தலைவரான மைக்கேல் ஹேடன், ஒரு வில் ஸ்மித் படம் மக்கள் மனத்தில் பதித்த பிம்பத்தை வைத்துக்கொண்டு தன் நிறுவனம் பிழைக்க முடியாது என்று வெளிப்படையாகவே கவலைப்பட்டார்.

பத்தாண்டு கழித்து டி.ஜே. கருஸோ இயக்கிய ‘ஈகிள் ஐ’யில் மனிதக் கண் அகற்றப்பட்டுவிடுகிறது. பலுசிஸ்தானில் ஒரு சவ அடக்கக் கூட்டத்தில் தேடப்படும் தீவிரவாதி இருக்கிறார் என்பதற்கு 51 சதவீதப் பொருத்தம்தான் கிடைக்கிறது. தாக்க வேண்டாம் என்று அமெரிக்க ராணுவத் தலைமையகமான பெண்டகனின் அடித்தளத்தில் இருக்கும் ‘அரியா’ என்னும் செயற்கை நுண்ணறிவு பரிந்துரைக்கிறது. குடியரசுத் தலைவர் மீறித் தாக்குகிறார். அதனால் விளையும் பதிலடிகளைக் கணக்கிட்ட எந்திரம், நாட்டுக்கு ஆபத்து அதன் தலைமையிடமிருந்தே வருகிறது என்று முடிவுக்கு வந்து, அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தையே மேற்கோள் காட்டி ஆட்சியை ஒழிக்கத் திட்டமிடுகிறது. மூன்று படங்களிலும் எதிரிக்கு இருக்கும் காரணங்களில் இதுவே மிகச் சிறந்தது; இப்படியொரு முரண் இதைவிட நல்ல படத்துக்குத் தகுதியானது.

கோளாறு அந்த எந்திரத்துக்குக் கொடுக்கப்பட்ட கைகளில் இருக்கிறது. சிகாகோவில் நகலெடுக்கும் கடையில் வேலை செய்யும் ஜெர்ரியை ஒரு பெண்குரல் கைபேசியில் விரட்டுகிறது. போக்குவரத்து விளக்கு, ரயில், பாரந்தூக்கி எல்லாம் அதன் சொல்லுக்கு ஆடுகின்றன. கட்டளையை மறுத்து நடந்துபோகும் ஒருவர்மீது மின்கம்பி அறுந்து விழுகிறது. இவ்வளவும் செய்யக்கூடிய ஒன்றுக்கு இந்த அப்பாவி எதற்கு என்ற கேள்விக்கு, அவருடைய இறந்துபோன இரட்டைச் சகோதரர் அந்த எந்திரத்துக்குப் போட்ட முக, குரல் பூட்டைத் திறக்க என்று ஒரு பதில் வருகிறது. அது கெட்டிக்காரத்தனமான பதில்தான், ஆனால் மிகத் தாமதமாக வருகிறது. அதுவரை ஜெர்ரி ஓடுவதும் நிற்பதும் நம்மைப் பொறுத்தவரை ஒன்றாகிவிடுகிறது.

இருந்தும் ஒரு காட்சிக்காக இந்தப் படத்தை நான் தள்ளிவைக்கவில்லை. எந்திரம் கேட்கக் கூடாது என்று அடைக்கப்பட்ட அறைக்குள் சென்று சிலர் பேசுகிறார்கள். மேசையில் ஒரு காபிக் கோப்பை. பேச்சின் அதிர்வில் அதன் மேற்பரப்பில் எழும் மிக நுண்ணிய அலைகளைக் கேமராவில் பார்த்தே அரியா அவர்கள் பேசுவதை மீட்டெடுத்துவிடுகிறது. அப்போது நான் சிரித்துவிட்டேன். 2014ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள், ஒலி புகாத கண்ணாடிக்கு அப்பால் கிடந்த உருளைக்கிழங்கு வறுவல் பாக்கெட்டின் அதிர்வைக் காணொளியில் பதிவு செய்து, அருகில் பேசிய குரலை மீட்டுக் காட்டினார்கள். மூன்று படங்களிலும் மிகவும் அபத்தமாகத் தெரிந்த கற்பனைதான் ஆய்வகத்தில் நிஜத்துக்கு நெருங்கிவந்தது.

‘மிஷன்: இம்பாசிபிள்’ வரிசையில் 2023ல் கிறிஸ்டோபர் மெக்குவாரி இயக்கி வந்த ‘டெட் ரெக்கனிங்’, எந்திரத்தின் வேலையை மாற்றுகிறது. ‘என்டிட்டி’ என்று அழைக்கப்படும் அதற்கு உங்களைப் பார்ப்பது இரண்டாம்பட்சம்; நீங்கள் பார்ப்பதைக் கெடுப்பதே தொழில். இல்லாத எதிரியை, ஒலியலைகளால் கடலடியைத் துழாவும் சோனார் கருவியின் திரையில் உருவாக்கி, ஒரு ரஷ்ய நீர்மூழ்கியை அதன் டார்பிடோவாலேயே அழிக்கிறது. வெனிஸ் சந்துகளில் ஓடும் நாயகன் ஈதனின் காதில் நண்பன் பெஞ்சியின் குரலிலேயே பொய்யான வழி சொல்கிறது. உளவு நிறுவனம் ஒன்று, தன் ஆவணங்கள் திருத்தப்பட்டுவிடும் என்று அஞ்சி, கூடம் நிறையத் தட்டச்சு எந்திரங்களோடு ஆட்களை உட்காரவைத்துத் தாளில் படியெடுக்கிறது. வசனமே இல்லாமல் நம் காலத்தின் பயத்தைச் சொல்லிவிடும் காட்சி அது. அந்த ஆண்டு அக்டோபரில் செயற்கை நுண்ணறிவு குறித்த ஆணையில் கையெழுத்திட்ட அன்றைய அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜோ பைடன், அதற்கு முன் இந்தப் படத்தைப் பார்த்துக் கூடுதலாகக் கவலைப்பட்டதாக அவருடைய அதிகாரி ஒருவரே கூறினார்.

ஆயினும் என்டிட்டிக்கு முகமில்லை என்பதால், அதன் தூதராக கேப்ரியல் என்னும் வழக்கமான வில்லன் தேவைப்பட்டிருக்கிறது; அவர் வரும்போதெல்லாம் எந்திரம் பின்னுக்குப் போய்விடுகிறது. மலையிலிருந்து மோட்டார் சைக்கிளோடு பாய்வது போன்ற சாகசங்கள் பிரமிக்கவைக்கின்றன, ஆனால் அவற்றுக்கும் கண்காணிப்புக்கும் தொடர்பு குறைவு. 163 நிமிடம் ஓடியும் கதை அந்தப் பாகத்தில் முடியவில்லை.

ஒரே ஒரு இரவுதான் இருக்கிறது என்றால் 1998ஆம் ஆண்டுப் படத்தையே பரிந்துரைப்பேன். அடுத்தது ‘டெட் ரெக்கனிங்’, அதிலும் வெனிஸ் பகுதி முடியும்வரை. ‘ஈகிள் ஐ’ மூன்றாவதுதான். அதன் இறுதிக் கட்டத்தை விட்டுவிட்டாலும் பெரிய இழப்பில்லை, காபிக் கோப்பையை மட்டும் தவறவிட வேண்டாம்.