பறவையா, பட்டாம்பூச்சியா?

பொழுதுபோக்காகப் பறவை பார்ப்பதா, பட்டாம்பூச்சி பார்ப்பதா என்று முடிவு செய்ய, முதலில் நீங்கள் எழும் நேரத்தைப் பாருங்கள். பறவைகள் விடிந்ததிலிருந்து எட்டரை மணிவரை சுறுசுறுப்பாக இரை தேடும். வெயில் ஏறினால் அடங்கிவிடும். பட்டாம்பூச்சிக்கோ வெயிலில் உடல் சூடேறினால்தான் பறக்கவே முடியும். ஒன்பது மணிக்கு மேல் போனால் போதும். மேகம் மூடிய நாளில் போவது வீண்.

செலவில் பட்டாம்பூச்சிதான் சிக்கனம். செல்போன் கேமராவே தொடக்கத்துக்குப் போதும். பறவைக்கு பைனாகுலர் இல்லாமல் சரிவராது. 8×42 வாங்குங்கள், அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 42 மி.மீ. அகலமுள்ள கருவி. 20 மடங்கு என்று ஆசைகாட்டும் மலிவு விலைக் கருவியில் கை நடுக்கமும் அதே மடங்கு பெருகும், காட்சியும் இருளும். வாங்கியபின் மங்கலாகத் தெரிகிறது என்று நொந்துகொள்பவர்களில் பலர் வலக்கண் வைக்கும் குழலில் உள்ள திருகு வளையத்தைத் தொட்டே இருக்க மாட்டார்கள். வலக்கண்ணை மூடி, நடுச்சக்கரத்தைத் திருப்பி இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடக்கண்ணை மூடி, அதே பொருளைப் பார்த்தபடி வலக்கண் வளையத்தை மட்டும் திருப்புங்கள். கண்ணாடி அணிபவர் கண் பதிக்கும் இடத்திலுள்ள கண்குவளைகளை உள்ளே இறக்கிவிட வேண்டும்.

இனம் காண்பதில் இரண்டுமே படுத்தும். கதிர்க்குருவிகளைப் பெரும்பாலும் குரலை வைத்துத்தான் பிரிக்க முடியும்; காது மந்தமானவருக்கு அது பெரிய தடை. பட்டாம்பூச்சியில் குரல் இல்லை, வேஷம் உண்டு. கறிவேப்பிலைச் செடியில் முட்டையிடும் காமன் மார்மனின் பெண்களில் ஒரு வகை, பறவைகளுக்குக் கசக்கும் காமன் ரோஸைப் போலவே சிறகு கொண்டது. உடலைப் பாருங்கள்: ரோஸுக்குச் சிவப்பு, மார்மனுக்குக் கறுப்பு. நீலன்கள் எனப்படும் சின்னஞ்சிறு பட்டாம்பூச்சிகளுக்கு மூடிய சிறகின் அடிப்புறப் படம் இல்லாமல் பெயர் சொல்லத் துணியாதீர்கள்.

வேடந்தாங்கலில் நவம்பர் முதல் பிப்ரவரிவரை பறவைகள் நிறைந்திருக்கும், ஆனால் மழை பொய்த்து ஏரி வற்றினால் அவையும் வராது. பட்டாம்பூச்சியை மொட்டைமாடிக்கே வரவழைக்கலாம்: ஒரு தொட்டியில் கறிவேப்பிலை, இன்னொன்றில் எருக்கு. எருக்கில் வெந்தய வரியன் என்னும் பட்டாம்பூச்சி முட்டையிடும். நாற்றுப்பண்ணையில் மருந்தடித்த செடி என்றால் புழுக்கள் செத்துவிடும். பல வாரம் போய்த் துளிர்க்கும் புதுக் கொழுந்துவரை பொறுங்கள்.

வேலை முடிந்து தாமதமாகத் தூங்குபவருக்கும், மாடிவீட்டில் இருப்பவருக்கும் பட்டாம்பூச்சியே தோது. இரண்டும் வேண்டும் என்பவர் குளக்கரைக்கு ஆறு மணிக்குப் போய்ப் பறவைகளை முடித்துவிட்டு, ஒன்பதரைக்குக் கரையின் ஈரச் சேற்றருகே உட்காரட்டும். உப்புச்சத்து உறிஞ்ச ஆண் பட்டாம்பூச்சிகள் கூட்டமாக இறங்கும். உங்கள் நிழல் மட்டும் அவற்றின்மேல் விழக்கூடாது.