‘அப்படியே மாற்றித் தருகிறோம்’ என்று வருபவர்களிடம் கவனமாக இருங்கள்

பெரிய நிறுவனங்களில் ஐடி துறையில் இருப்பவர்களுக்கும், குறிப்பாக வெண்டரைத் தேர்வு செய்யும் கமிட்டியில் உட்காருபவர்களுக்கும் இந்தப் பதிவு. எங்கள் சொந்த சர்வரில் ஓடிக்கொண்டிருந்த ஷேர்பாயின்ட்டை (ஆவணங்களையும் ஒப்புதல்களையும் வைத்துக்கொள்ளும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள்) அவர்களின் கிளவுட் சேவையான மைக்ரோசாஃப்ட் 365-க்கு மாற்றித் தருகிறோம் என்று ஒரு நிறுவனம் வந்தது. அவர்கள் பெயரைப் போடவில்லை, எங்கள் வழக்கறிஞர் வேண்டாம் என்கிறார். ஆனால் அவர்கள் செய்த வேலையை விவரமாகவே எழுதுகிறேன்.

எங்களுடையது வாகன உதிரிபாகத் தொழில். ஓசூர் பக்கமும் ஸ்ரீபெரும்புதூர் பக்கமும் ஆலைகள். ஆயிரக்கணக்கான ஆட்களில் பாதிக்கு மேல் ஷாப்ஃப்ளோர். ஆலை வரைபடங்கள், தரக்கட்டுப்பாட்டு ஆவணங்கள், கொள்முதல் ஒப்புதல்கள் எல்லாம் ஷேர்பாயின்ட் 2013-ல் இருந்தன. அந்தப் பதிப்புக்கு மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவு 2023 ஏப்ரல் 11-ல் முடிந்துவிட்டது. வெண்டர் கையில் எடுத்தது அந்தத் தேதியைத்தான். “சார், நாளைக்கே ஹேக் ஆச்சுன்னா யார் பொறுப்பு?” என்று எம்.டி. முன்னால் கேட்டால் எந்த எம்.டி.தான் கையெழுத்துப் போடமாட்டார்?

தேதி உண்மைதான். அவர்கள் சொல்லாமல் விட்டது என்னவென்றால், சொந்த சர்வரிலேயே தொடர விரும்புபவர்களுக்காக ஷேர்பாயின்ட் சர்வர் சப்ஸ்கிரிப்ஷன் எடிஷன் என்று ஒன்று 2021 நவம்பரிலேயே வந்துவிட்டது. ஒரு பகுதியைக் கிளவுடுக்கு அனுப்பிவிட்டு மீதியை உள்ளேயே வைத்துக்கொள்ளலாம், அதைத்தான் ஹைப்ரிட் என்பார்கள். எங்கள் டிசைன் ஆட்களும் அதைத்தான் கேட்டார்கள். கேட் (CAD) மென்பொருளில் போட்ட வரைபடங்கள் ஒன்றை ஒன்று கோத்துக்கொண்டு நிற்பவை. ஒரு அசெம்பிளியைத் திறந்தால் நூற்றுக்கணக்கான பாகங்களின் ஃபைல்கள் கூடவே திறக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் 365-ல் வரும் ஷேர்பாயின்ட் ஆன்லைன் அதற்குத் தோதான இடமே இல்லை. “ஹைப்ரிட் எல்லாம் பழைய கதை சார்” என்று வெண்டர் ஆட்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் பில் போட்டது ஜிபி கணக்கில். ஜிபி கணக்கில் காசு வாங்குபவர் எதை வேண்டாம் என்று சொல்வார்?

இப்போது ஒப்பந்தத்துக்கு வருகிறேன். விற்பனைக் கூட்டத்தில் திரும்பத் திரும்பச் சொன்ன வார்த்தை ‘அப்படியே’. படிவம், ஒப்புதல், அனுமதி, பழைய பதிப்புகள் எல்லாமே அப்படியே வந்துவிடும் என்றார்கள். ஒப்பந்தத்திலோ, மூல சர்வரில் உள்ள தரவு கிளவுடுக்கு நகலெடுக்கப்பட்டதும் பணி நிறைவடைந்ததாகக் கொள்ளப்படும் என்று ஒரே வரி. ஒர்க்ஃப்ளோ, அதாவது ஒருவர் ஒப்புதல் கொடுத்ததும் தானாக அடுத்தவருக்குப் போகும் சங்கிலி, பற்றி அதில் ஒரு எழுத்துகூட இல்லை. எங்கள் துறையிலிருந்து இதைக் கேட்டு மின்னஞ்சல் போனது. “அது ஸ்டாண்டர்ட் வாசகம் மேடம், வேலை முழுசா முடிச்சுத் தருவோம்” என்று பதில் வந்தது. அந்த மின்னஞ்சல் இன்று எங்கள் வழக்கறிஞரிடம் இருக்கிறது.

மாற்றம் முடிந்த திங்கட்கிழமை காலை, ஆலைகளில் ஒரு பர்ச்சேஸ் ரிக்வெஸ்ட்கூட நகரவில்லை. பிரிவுத் தலைவர் போட்டால் ஆலைத் தலைவருக்குப் போய், அங்கிருந்து ஃபைனான்ஸுக்குப் போகும் சங்கிலி அது. பட்டியல் இருந்தது, பழைய கோரிக்கைகள் இருந்தன, சங்கிலியைக் காணோம். வெண்டரைக் கூப்பிட்டால், “மைக்ரோசாஃப்ட் நிறுத்திட்டாங்க மேடம், நாங்க என்ன பண்ண?” என்கிறார்கள்.

நிறுத்தியது வாஸ்தவம். ஆனால் எப்போது? ஷேர்பாயின்ட் ஆன்லைனில் 2010 வகை ஒர்க்ஃப்ளோக்கள் 2020 நவம்பரிலேயே போய்விட்டன. 2013 வகை, 2024 ஏப்ரல் 2-க்குப் பிறகு திறக்கப்படும் புதிய கணக்குகளில் இயங்காது என்றும், ஏற்கெனவே இருப்பவர்களுக்கு 2026 ஏப்ரல் 2 வரைதான் என்றும் முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். மைக்ரோசாஃப்ட்டின் பழைய படிவ மென்பொருளான இன்ஃபோபாத்தில் செய்த படிவங்களுக்கும் 2026 ஜூலை 14 என்று நாள் குறித்தாகிவிட்டது. எங்களுக்கான கணக்கை இவர்கள் திறந்ததே அந்த 2024 ஏப்ரலுக்குப் பிறகுதான். அதாவது ‘அப்படியே வரும்’ என்று அவர்கள் சொன்ன அன்றே அது வர வழியில்லை. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய நிபுணத்துவம் தேவையில்லை. பழைய சர்வரில் எத்தனை ஒர்க்ஃப்ளோ, எத்தனை இன்ஃபோபாத் படிவம் என்று பட்டியல் போட்டுத் தரும் மதிப்பீட்டுக் கருவியை மைக்ரோசாஃப்ட்டே இலவசமாகக் கொடுத்திருக்கிறது. அதை ஓட்டிய அறிக்கையைக் கேட்டோம். அப்படி ஒன்று அவர்களிடம் இல்லை.

அப்புறம் வந்ததுதான் உண்மையான வியாபாரம். ஒவ்வொரு ஒர்க்ஃப்ளோவையும் மைக்ரோசாஃப்ட்டின் புதிய கருவியான பவர் ஆட்டோமேட்டில் புதிதாகக் கட்ட வேண்டும், ஒவ்வொன்றுக்கும் தனி ‘சேஞ்ச் ரிக்வெஸ்ட்’, தனிக் கட்டணம். மைக்ரேஷனுக்கு மற்றவர்களைவிடக் குறைவாகக் கொட்டேஷன் கொடுத்தது எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது.

அடுத்த வாரம் ஓசூரில் இருந்து குவாலிட்டி மேனேஜர் போன் செய்தார். ஓய்வுபெறும் வயதில் இருப்பவர், எதற்கும் பதறமாட்டார். “என்னம்மா, இருபது வருஷமா நாங்க எழுதின கன்ட்ரோல் பிளான் எல்லாத்தையும் உங்க மைக்ரேஷன்காரரே எழுதினதா காட்டுது?” என்றார். கன்ட்ரோல் பிளான் என்பது தரக்கட்டுப்பாட்டுத் திட்ட ஆவணம். போய்ப் பார்த்தால் ஆயிரக்கணக்கான ஆவணங்களில் உருவாக்கியவர், கடைசியாகத் திருத்தியவர் என்ற இரண்டு இடத்திலும் வெண்டரின் சர்வீஸ் அக்கவுண்ட் பெயர். பழைய பயனர் யார், புதிய கணக்கில் அவர் யார் என்று பொருத்திக் காட்டும் ஃபைலைத் தயார் செய்யாமலே ஓட்டியிருக்கிறார்கள். வேலையைவிட்டுப் போனவர்கள் எழுதியதெல்லாம் அநாதை. அதோடு, பழைய பதிப்புகளைக் கொண்டுவரும் தேர்வையும் அணைத்துவிட்டார்கள். அணைத்தால் சீக்கிரம் முடியும் அல்லவா. வாகனத் தொழிலின் தர நிர்ணயமான ஐஏடிஎஃப் 16949 சான்றிதழ் வைத்திருக்கும் தொழிற்சாலையில், ஒரு ஆவணத்தை யார் எழுதினார்கள், எந்தத் திருத்தம் எப்போது வந்தது என்று காட்ட முடியாவிட்டால் ஆடிட்டர் முன்னால் என்ன பதில் சொல்வது?

பழைய சர்வரை உடனே கழற்றிவிடச் சொல்லி அவர்கள் நச்சரித்துக்கொண்டே இருந்தார்கள். எங்கள் டேட்டாபேஸ் அட்மின் முடியவே முடியாது என்று நின்றதால் ஆவண வரலாறு பிழைத்தது. அவருக்கு நாங்கள் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம். “கிளவுடுக்குப் போயாச்சு, பேக்கப் எதுக்கு?” என்று கேட்பவர்களிடம் 2022 ஏப்ரலில் அட்லாசியன் என்ற கிளவுட் மென்பொருள் நிறுவனத்தில் நடந்ததைச் சொல்லுங்கள். பழைய செயலி ஒன்றை நீக்குவதற்காக ஓட்டிய ஸ்கிரிப்ட்டில் தவறான அடையாள எண்கள் போய், சுமார் 775 வாடிக்கையாளர்களின் தளங்களே அழிந்தன. சிலருக்கு எல்லாம் திரும்பி வர இரண்டு வாரம் ஆனது.

ஒரு விஷயத்தில் அவர்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் உண்டு. காலதாமதத்துக்கு ‘த்ராட்டிலிங்’ என்று காரணம் சொன்னார்கள். பொய் இல்லை. அளவுக்கு மீறிக் கோரிக்கைகள் போனால் ஷேர்பாயின்ட் ஆன்லைன் 429 என்ற பிழை எண்ணோடு திருப்பி அனுப்பும். ஆனால் அதற்குத்தான் பெரிய நகர்த்தல்களை இரவிலும் வார இறுதியிலும் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். இவர்கள் தங்கள் ஆட்களின் பகல் ஷிப்ட்டில் ஓட்டினார்கள்.

லைசென்ஸ் கதை இதைவிட மோசம். ஷாப்ஃப்ளோர் ஆட்கள் உட்பட எல்லோருக்கும் இ3 என்ற முழு அளவிலான லைசென்ஸை வாங்கிவிட்டார்கள். சம்பளச் சீட்டும் ஷிப்ட் அட்டவணையும் போனில் பார்ப்பவருக்கு எஃப்3 என்ற சிறிய லைசென்ஸ் போதும்: பிரவுசரிலும் மொபைலிலும் மட்டும் ஓடும், 2 ஜிபி அஞ்சல் பெட்டி, விலையும் இ3-ஐவிட வெகு குறைவு. குறைக்கச் சொன்னபோது, “வருஷ கமிட்மென்ட் மேடம், இப்ப முடியாது” என்றார்கள். அதுவும் விதிதான். பார்ட்னர் (மைக்ரோசாஃப்ட் சார்பில் விற்கும் நிறுவனம்) மூலம் ஆண்டுச் சந்தாவாக வாங்கினால் முதல் 7 நாளைக்குள்தான் ரத்து செய்யவோ எண்ணிக்கையைக் குறைக்கவோ முடியும். அதற்குப் பிறகு கூட்டலாம், குறைக்க அடுத்த புதுப்பித்தல்தான். ஆர்டர் போட்ட தகவல் எங்களுக்கு வந்து சேர்ந்ததே அந்த 7 நாள் கழிந்த பிறகு. மாதச் சந்தாவில் 20 சதவீதம் கூடுதலாகக் கொடுத்து எண்ணிக்கையைச் சரிபார்த்துவிட்டு, பிறகு ஆண்டுக்கு மாறியிருக்கலாம். அந்த வழி இருப்பதை யாரும் சொல்லவில்லை.

இறுதித் தவணையை நிறுத்தி வைத்தோம். அன்றுதான் தெரிந்தது, எல்லாவற்றையும் மாற்றும் அதிகாரம் உள்ள குளோபல் அட்மின் கணக்குகள் எல்லாம் அவர்கள் கையில். ஒன்று, அவர்கள் நிறுவனத்தைவிட்டு எப்போதோ போய்விட்ட இன்ஜினியர் பெயரில். ‘ஹேண்ட்ஓவர் கடைசி பேமென்ட்டுக்குப் பிறகு’ என்று மின்னஞ்சல் அனுப்பினார்கள். எங்கள் ஆட்களின் அஞ்சலும் ஆவணமும் இருக்கும் இடத்துக்கு எங்களுக்கே முழு அனுமதி இல்லை. வழக்கறிஞர் நோட்டீஸ் போன பிறகுதான் அசைந்தார்கள்.

ஆகவே, நீங்கள் இந்தப் பேச்சுவார்த்தையில் இருந்தால் முதல் நாளே டெனன்ட்டை (மைக்ரோசாஃப்ட் 365-ல் உங்கள் நிறுவனத்துக்கான கணக்கை) உங்கள் நிறுவன அதிகாரி கையால் திறக்கச் சொல்லுங்கள். அப்போது கொடுக்கும் நாட்டைப் பிறகு மாற்ற முடியாது, அதையும் பாருங்கள். அவசரத்துக்கான குளோபல் அட்மின் கணக்குகள் இரண்டு உங்கள் பெட்டகத்தில் இருக்கட்டும். வெண்டருக்குத் தேவையான அதிகாரத்தை மட்டும், காலவரையறையோடு கொடுக்கலாம். அட்மின் சென்டரில் பார்ட்னர் உறவுகள் என்ற பக்கத்தில் யாருக்கு என்ன இருக்கிறது என்று தெரியும், அங்கேயே பறிக்கவும் முடியும். பணி நிறைவு என்பதை ஜிபியில் எழுத விடாதீர்கள். இந்தந்த ஒப்புதல் சங்கிலி ஓடுகிறது, இந்த ஆவணத்தில் எழுதியவர் பெயரும் பழைய திருத்தங்களும் தெரிகின்றன என்று உங்கள் ஆலை ஆள் ஒருவர் சோதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் தவணை என்று எழுதுங்கள். முதலில் ஒரே ஒரு துறையை மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அத்தோடு அனுப்பிவிடலாம்.

எங்கள் கொள்முதல் சங்கிலிகளை எங்கள் ஆட்களே திரும்பக் கட்டிவிட்டார்கள். வரைபடங்கள் உள் சர்வருக்குத் திரும்பிவிட்டன. குவாலிட்டி ஆவணங்களைப் பழைய டேட்டாபேஸிலிருந்து மறுபடி ஏற்றும் வேலை இன்னும் நடக்கிறது. இதற்கிடையில், பக்கத்து ஆலை ஒன்றில் அதே வெண்டர் போட்டுக் காட்டிய ஸ்லைடில் ‘வெற்றிகரமாக முடித்த திட்டங்கள்’ வரிசையில் எங்கள் லோகோ இருந்ததாக அங்கிருக்கும் நண்பர் படம் எடுத்து அனுப்பினார். நீக்கச் சொல்லிக் கடிதம் போயிருக்கிறது. பதில் இல்லை.