எடைமேடைக் கணினியும் புதிய சர்வரும்: இரண்டு மாம்பழப் பருவங்களுக்குப் பிறகு

கடந்த வாரம் எங்கள் எடைமேடை அறையில் இருக்கும் கணினியின் பவர் சப்ளை எரிந்துபோனது. கிருஷ்ணகிரியில் பழைய உதிரிபாகம் விற்கும் கடையொன்றில் தேடி எடுத்து மாற்றி, எடைக்காட்டியின் எண் மீண்டும் திரையில் தெரிந்தபோது மாலை ஆறு மணி ஆகிவிட்டது. அன்றிரவே, தருமபுரியில் ஒரு விதை நிறுவனத்தில் கணினிப் பொறுப்பைக் கவனிக்கும் நண்பர் அழைத்து, "நீங்க 2003 சர்வரை எடுத்துட்டு 2022 போட்டு ரெண்டு சீசன் ஓடிருச்சே, நாங்களும் மாறலாமா சொல்லுங்க" என்று கேட்டார். விண்டோஸ் சர்வரின் 2003, 2022 பதிப்புகளைத்தான் அவர் சொன்னார். களைப்பும் கோபமும் கலந்த நேரத்தில் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் இருப்பதை அவருக்கும், அவரைப் போல் யோசித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் முழுமையாகச் சொல்வது என் கடமை என்று தோன்றுகிறது.

நான் வேலை பார்ப்பது கிருஷ்ணகிரி வட்டாரத்தில் மாங்கூழ் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையின் அலுவலகத்தில். 14 கணினிகள், அவற்றின் பொதுக் கோப்புகளை வைத்திருக்கும் ஒரு சர்வர், நுழைவாயிலில் வண்டிகளை எடைபோடும் ஓர் எடைமேடை. இங்கே பெங்களூரா என்று சொல்லப்படும் தோத்தாபுரிப் பழம்தான் எங்கள் ஆலைக்குப் பெரும்பாலும் வருகிறது. அல்போன்சா அதைவிடக் குறைவு. மே மாதம் தொடங்கி ஜூலை வரை சந்தூர், பர்கூர், காவேரிப்பட்டணம் பக்கங்களிலிருந்து டிராக்டரும் லாரியும் விடியற்காலையிலிருந்தே வரிசையில் நிற்கும். ஆண்டின் மற்ற மாதங்களில் அலுவலகத்தில் என்ன பழுது நேர்ந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம். அந்த மூன்று மாதங்களில் எடைச்சீட்டு தாமதமானால் வாசலில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் பதில் சொல்ல வேண்டும்.

விண்டோஸ் சர்வர் 2003 பதிப்புக்கான ஆதரவு, அதாவது மைக்ரோசாஃப்ட் தரும் பாதுகாப்புத் திருத்தங்கள், 2015 ஜூலை 14 அன்றே முடிந்துவிட்டது. அதன் பிறகும் எட்டு ஆண்டுகள் நாங்கள் அதையே ஓட்டினோம். 2017 மே மாதத்தில் வான்னாகிரை என்ற பிணைத்தொகை வைரஸ் உலகம் முழுவதும் அலுவலகங்களை முடக்கியபோது நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்தேன்; அப்போதும் நடக்கவில்லை. புதிதாக வாங்கிய கணினிகளால் பழைய சர்வரின் பகிர்வுக் கோப்புறையைத் திறக்க முடியாமல் போனபோதுதான் பணம் ஒதுக்கப்பட்டது. காரணம் எளியது. 2003 சர்வருக்குத் தெரிந்த ஒரே கோப்புப் பகிர்வு மொழி எஸ்எம்பி1, அதாவது 1980களில் ஐபிஎம் நிறுவனத்தில் பிறந்த நெறிமுறையின் முதல் தலைமுறை. வான்னாகிரை நுழைந்ததும் அந்த வாசல் வழியாகத்தான். ஆகவே 2017 இறுதியிலிருந்து வெளிவந்த விண்டோஸ் பதிப்புகளில் அது இயல்பாக நிறுவப்படுவதில்லை.

மாற்றிய வேலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அலுவலகத்தின் பயனர்களையும் கணினிகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் அமைப்புக்கு டொமைன் என்று பெயர். 2003 டொமைனை நிர்வகிக்கும் சர்வராக 2022 பதிப்பை நேரடியாகச் சேர்க்க இயலாது. இடையில் 2012 ஆர்2 அல்லது 2016 பதிப்பு ஒன்றை நிறுத்தி, டொமைனின் செயல்நிலையை உயர்த்தி, டொமைனின் விதிகள் இருக்கும் சிஸ்வால் கோப்புறையை எஃப்ஆர்எஸ் என்ற பழைய நகலெடுப்பு முறையிலிருந்து டிஎஃப்எஸ்ஆர் என்ற புதிய முறைக்கு மாற்றிய பிறகே அடுத்த படிக்குப் போக முடியும். 14 கணினிகளுக்காக இந்த ஏணியில் ஏற வேண்டாம் என்று முடிவு செய்து புதிய டொமைனையே அமைத்தேன். கோப்புகளை வெளி வட்டு ஒன்றின் மூலம் கொண்டுவந்தேன். பழைய அனுமதிகளைச் சுமந்து வந்தால் புதிய டொமைனில் அவை பெயரில்லாத நீண்ட எண்களாக மட்டுமே நிற்கும் என்பதால், தரவை மட்டும் எடுத்து அனுமதிகளைக் குழுவாரியாகப் புதிதாக எழுதினேன். 2023 ஆயுத பூஜையை ஒட்டிய சனி, ஞாயிறு இரண்டு நாட்களில் இது முடிந்தது. திங்கட்கிழமை இரண்டு சர்வர்களுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துப் பூஜை போட்டோம். பூஜையில் வைத்ததை அன்று தொடக்கூடாது என்பதால் இரண்டும் ஓய்வில் இருந்தன. விஜயதசமி காலையில் புதியதை மட்டும் எழுப்பினேன்.

புதிய சர்வர் மிக நல்ல சர்வர் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆயிரக்கணக்கான பழைய ரசீதுகள் கிடக்கும் கோப்புறையைத் திறந்தால் முன்பு பட்டியல் முழுதாக வருவதற்குள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம்; இப்போது சொடுக்கியவுடன் விரிகிறது. கோப்புகளின் முந்தைய நிலையைக் குறித்த நேரத்தில் சேமித்து வைக்கும் நிழல் நகல் வசதி 2003 பதிப்பிலும் உண்டு, ஆனால் அந்தச் சிறிய வட்டில் இடமில்லாமல் அணைத்து வைத்திருந்தோம். இப்போது வேலை நாட்களில் காலை ஏழு மணிக்கும் நண்பகல் பன்னிரண்டு மணிக்கும் தானாகவே நகல் எடுக்கப்படுகிறது. சென்ற ஜூன் மாதத்தில் கணக்குப் பிரிவில் ஒருவர் விவசாயிகளின் நிலுவைப் பட்டியல் மீது வேறொரு கோப்பைத் தவறுதலாகச் சேமித்துவிட்டார். கைகள் நடுங்க என் அறைக்கு ஓடிவந்தார். வலது சொடுக்கில் முந்தைய பதிப்புகளைத் திறந்து, அன்று நண்பகல் நகலை எடுத்துக் கொடுத்தபோது மணி மூன்று. அவர் முகத்தில் வந்த ஆறுதலைப் பார்த்தபோது, இந்த மாற்றத்துக்காகப் பட்ட பாடு அனைத்தும் தகும் என்றே எண்ணினேன்.

ஆனால் எடைமேடை இருக்கிறதே.

எங்கள் எடைமேடைக் கணினியில் ஓடுவது விண்டோஸ் எக்ஸ்பி. மேடைக்குக் கீழே இருக்கும் உணரிகளின் அளவை எடைக்காட்டி சீரியல் கேபிள் வழியாக அந்தக் கணினிக்குத் தருகிறது. அதை வாங்கி, லோடு எடை, எம்டி (வெறும் வண்டி) எடை, நெட் (பழம் மட்டும்) எடை மூன்றையும் சிறு கோப்பாக எழுதும் மென்பொருள் எக்ஸ்பியைத் தாண்டி வேறெதிலும் ஓடாது. எக்ஸ்பிக்கும் தெரிந்த மொழி எஸ்எம்பி1 ஒன்றுதான். அடுத்த தலைமுறை, எக்ஸ்பிக்குப் பின் வந்த விண்டோஸ் விஸ்டாவோடுதான் வந்தது. முன்பு புதிய கணினிகளுக்குப் பழைய சர்வர் தெரியவில்லை. மாற்றிய மறுநாள் புதிய சர்வர் பழைய கணினிக்குத் தெரியவில்லை. பருவம் முடிந்த மாதமாக இருந்ததால் அதன் முழு வலி அப்போது எனக்குப் புரியவில்லை.

2022 சர்வரில் எஸ்எம்பி1 வசதியை விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு பெட்டியில் ஒரு டிக் போட்டு மறுதொடக்கம் செய்தால் போதும். அந்த டிக்கைப் போடச் சொல்லி எங்கள் அலுவலகத்தில் என்னிடம் கேட்காதவர் இல்லை. நான் போடவில்லை. போட்டால் எடைமேடைக்கு மட்டுமன்றி வலையமைப்பில் கேட்கும் எவருக்கும் அந்தச் சர்வர் அதே பழைய மொழியில் பதில் சொல்லும். எந்த வாசலை அடைப்பதற்காக இவ்வளவு செலவு செய்தோமோ அதை நாமே திறந்து வைத்ததாகிவிடும்.

அதற்குப் பதிலாக, ஒதுக்கி வைத்திருந்த மேசைக் கணினி ஒன்றில் டெபியன் என்ற லினக்ஸை நிறுவி, விண்டோஸோடு கோப்பு பகிரும் சாம்பா என்ற மென்பொருள் மூலம் இடைத்தரகராக நிறுத்தினேன். அதில் இரண்டு நெட்வொர்க் கார்டுகள்: ஒன்றில் எக்ஸ்பி மட்டும், மற்றொன்றில் அலுவலகம். சாம்பாவும் 2019இல் வந்த 4.11 பதிப்பு முதல் எஸ்எம்பி1 மொழியை இயல்பாக ஏற்பதில்லை என்பதால், குறைந்தபட்ச நெறிமுறையை என்டி1 (சாம்பாவில் எஸ்எம்பி1க்கான பெயர்) என்று தளர்த்த வேண்டியிருந்தது. தளர்த்திய பிறகும் கடவுச்சொல் ஏற்கப்படவில்லை. ஓர் இரவு முழுவதும் போராடிய பிறகுதான், எக்ஸ்பி அனுப்பும் பழைய வகை அடையாளச் சான்றைச் சாம்பா மறுக்கிறது என்று கண்டுபிடித்தேன். எக்ஸ்பியின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் எல்எம் காம்பாட்டிபிலிட்டி லெவல் என்ற மதிப்பை 3 ஆக்கியதும் கதவு திறந்தது. நண்பரின் அலுவலகத்திலும் எக்ஸ்பி இருக்குமானால் இந்த ஒரு வரி அவருக்கு ஓர் இரவை மிச்சப்படுத்தும்.

இடைக்கணினியில் விழும் சீட்டுகளைச் சர்வர் குறித்த இடைவெளியில் தானே வந்து எடுத்துக்கொள்கிறது. 2024 பருவத்தில் அந்த இடைவெளி ஐந்து நிமிடம். எழுதும்போது சிறிய எண்ணாகத்தான் தெரிகிறது. எடைமேடையிலிருந்து இறங்கிய விவசாயி கணக்குச் சன்னலுக்கு நடந்து வர ஒரு நிமிடம். அங்கே தரம், விலை, கழிவு போட்டுக் கொள்முதல் ரசீது அடிப்பதற்கு அவருடைய எடைக்கோப்பு வந்திருக்க வேண்டும். அது வரும்வரை அவர் வெயிலில் நிற்கிறார். அவருக்குப் பின்னால் அடுத்தவர், அவருக்குப் பின்னால் இன்னொருவர். மே மாத நண்பகலில் எங்கள் வாசலில் ஒரு மர நிழல்கூடக் கிடையாது. ஆண்டுதோறும் எங்களுக்கே பழம் கொண்டுவரும் சந்தூர்க்காரர் ஒருவர், "என்னங்க சார், போன வருசம் வரைக்கும் இறங்குன கையோட பில்லு குடுத்தீங்க, இப்ப புதுசா என்னமோ போட்டு நிக்க வெக்கிறீங்களே" என்றார். அவர் கேட்டதில் தவறு எதுவும் இல்லை. பாதுகாப்பைப் பற்றி நான் அறிந்த எதுவும் அந்த நேரத்தில் அவருக்குச் சொல்லத் தகுந்த பதிலாக இல்லை.

2025 பருவத்துக்கு முன் இடைவெளியை ஒரு நிமிடமாகக் குறைத்தேன். உடனே புதிய தொல்லை வந்தது: லோடு எடை போட்டு எம்டி எடை போடாத பாதிக் கோப்புகள் கணக்குப் பிரிவுக்குப் போய், நெட் எடை சுழியம் என்று நின்றன. எம்டி எடை பதிந்து, கோப்பின் அளவும் அடுத்தடுத்த இரண்டு முறை மாறாமல் இருந்தால்தான் கோப்பை எடுக்க வேண்டும் என்று நிபந்தனை எழுதி அதைச் சரிசெய்தேன். இன்று காத்திருப்பு இரண்டு முதல் மூன்று நிமிடம். அதற்குக் கீழே கொண்டுவர எனக்கு வழி தெரியவில்லை.

என் கோபம் சர்வர் மீதில்லை. எடைமேடை மென்பொருளை விற்ற நிறுவனம், புதிய விண்டோஸில் ஓடும் பதிப்பு தங்களிடம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறது. ஆனால் அதைத் தனியாகத் தராது. எடைக்காட்டியையும் சேர்த்து மாற்றச் சொல்கிறது. அதற்குக் கேட்கும் தொகை எங்கள் புதிய சர்வரின் விலையில் முக்கால் பங்கு. எங்கள் எடைக்காட்டி இன்றும் கிலோ பிசகாமல் காட்டுகிறது, முத்திரையும் முறையாக இருக்கிறது. மாற்றினால் மீண்டும் சரிபார்த்து முத்திரை பெற வேண்டும். நன்றாக இயங்கும் ஒரு கருவியைச் சீரியல் கேபிளின் மறுமுனையில் இருக்கும் மென்பொருளுக்காகத் தூக்கி எறியச் சொல்வதை நான் நியாயம் என்று ஏற்க மாட்டேன். அதே நேரத்தில், எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று முடிந்தது. அந்த நிறுவனத்திடம் பேரம் பேச எங்களுக்கும் ஒன்பது ஆண்டுகள் இருந்தன என்பதையும் மறைக்கக்கூடாது.

ஆகவே நண்பருக்கு என் பதில் இது. சர்வரை வாங்குவதற்கு முன் உங்கள் அலுவலகத்தில் அதனோடு பேசும் ஒவ்வொரு பெட்டியையும் நடந்து போய்ப் பாருங்கள்: எடை எந்திரம், ஸ்கேன் செய்து கோப்புறையில் போடும் நகல் எந்திரம், வருகைப் பதிவுக் கருவி, மூலையில் கிடக்கும் சேமிப்புப் பெட்டி. அவற்றில் மிகப் பழையது எந்த மொழி பேசுகிறதோ அதை முதலில் மாற்றுங்கள், சர்வரைக் கடைசியாக மாற்றுங்கள். நான் செய்தது தலைகீழ். விண்டோஸ் சர்வர் 2025 பதிப்பை எண்ணியிருந்தாலோ, விண்டோஸ் 11 கணினிகளை 24எச்2 பதிப்புக்கு உயர்த்தியிருந்தாலோ கூடுதல் கவனம் தேவை, ஏனெனில் செய்தி வழியில் மாற்றப்படவில்லை என்று உறுதிசெய்யும் எஸ்எம்பி கையொப்பம் அவற்றில் இயல்பாகவே கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. கையொப்பமிடத் தெரியாத பழைய சேமிப்புப் பெட்டிகள் அன்றே கைவிடும். 2022 பதிப்புக்கு 2031 அக்டோபர் 14 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு, அவசரப்பட வேண்டியதில்லை.

வேகம், மீட்பு வசதி, இரவில் நிம்மதியான தூக்கம் எல்லாவற்றையும் கூட்டினால் இந்தச் சர்வருக்கு நூற்றுக்குத் தொண்ணூறு தர வேண்டும். நான் ஐம்பது தருகிறேன். சன்னலுக்கு வெளியே நிற்பவரைத் தினமும் பார்க்கிறவன் அதற்கு மேல் போட முடியாது.

எடைக்காட்டிக்கான விலைப்புள்ளி மேலாளரின் மேசையில் இருக்கிறது. எரிந்த பவர் சப்ளைக்கு மாற்றாக இன்னொன்றையும் வாங்கி எடைமேடை அறையின் இழுப்பறையில் வைத்திருக்கிறேன். ஏப்ரலுக்குள் கையெழுத்தாகவில்லை என்றால், கணக்குச் சன்னலுக்கு முன்னால் ஒரு தகரக் கொட்டகையும் இரண்டு பெஞ்சும் தண்ணீர்ப் பானையும் வேண்டும் என்று தனியாக ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.