கன்வஸ் டம்மி: எட்டு மாசம் பாவிச்ச பிறகு எழுதுறன்

கிளிநொச்சிப் பக்கம் வேட்டை நாய் எண்டா பண்டி துரத்துற நாய், உடும்பு பிடிக்கிற நாய், அவ்வளவுதான். விழுந்த பறவையைப் பல்லுப் பதியாமக் கவ்விக் கொண்டுவந்து கையில தாற நாயை அப்பப்பா சொல்லித்தான் கேள்விப்பட்டனான், குளத்தில விழுந்த தாராவை நீந்திப்போய் எடுத்துவருமாம்.

எங்கட ராசாத்தி லப்ரடோர், இப்ப 11 மாசம். நியூபவுண்ட்லாந்தில மீன்பிடிகாரரோட வேலை செய்த நாயளின்ர வழி, பிறகு இங்கிலாந்தில பறவை எடுக்கிறதுக்கெண்டே வளத்து 1903ல தனிச் சாதியாப் பதிஞ்சவை. அப்பிடிப்பட்டதைப் படலையடியில கட்டிப்போட மனம் வரேல்ல, அதால ஒன்லைன் கடையொண்டில டம்மி, அதாவது பறவைக்குப் பதிலா எறிஞ்சு எடுத்துவரப் பழக்கிற கன்வஸ் உருளை, வாங்கினன்: அரை இறாத்தல் டம்மி ஒண்டு, ஒரு இறாத்தல் டம்மி ஒண்டு, விசில், எல்லாம் 7800 ரூபாய்க்கு எடுத்தன்.

அரை இறாத்தல் டம்மி அருமையான சாமான். குட்டியின்ர வாய்க்கு அளவான மொத்தம், பாரம் ரெண்டு பக்கமும் சமனா இருக்கிறதால நடுவில கவ்வினாத்தான் தூக்க வசதி, ரெண்டு கிழமையில அவளே நடுவைப் பிடிக்கப் பழகீட்டாள். செம்மஞ்சள் நிறம் நாய்க்கு வடிவாத் தெரியாது, முதல்ல நான் அதைக் குறையெண்டு நினைச்சன், ஆனா அறுவடை முடிஞ்ச வயலில ஒட்டுக்குள்ள எறிஞ்சா கண்ணால தேடாம மூக்கால தேடுறாள், எங்களுக்குத்தான் அந்த நிறம் தூரத்தில தெரியும். இப்ப அயல்வீட்டில தாரா உரிச்சா செட்டையை வாங்கி றப்பர் பான்டால டம்மியில சுத்திக் கட்டுறன், மணம் பழகட்டும் எண்டு.

ஒண்டைக் கட்டாயம் சொல்லவேணும். கவ்விக்கொண்டு நிண்டா நீங்கள் கிட்டப்போய்ப் பறிக்காதேங்கோ, இழுபறி விளையாடவே கூடாது, கடிச்சு இறுக்கப் பழகினா பிறகு பறவை நசிஞ்சுதான் வரும். நான் மற்றப்பக்கம் திரும்பி ஓடுவன், அவள் பின்னால வருவாள், தாடைக்குக் கீழ கை வைச்சு "தா" எண்டா விடுவாள். பல்லு மாறுற நாலாம் மாசத்தில இருந்து ஏழு மட்டும் எறியிறதையே நிப்பாட்டி வைச்சன், முரசு நோகேக்க கவ்வச் சொன்னா வெறுத்துப்போகும். ஒருக்காப் போனா நாலு தரம் எறிஞ்சாக் காணும், அதுவும் காலமை 7 மணிக்கு முதல், எங்கட வெயிலுக்குப் பிறகு ஏலாது.

ஒரு இறாத்தல் டம்மிதான் ஏமாத்தம். தண்ணியில மிதக்கும் எண்டு போட்டிருந்தவை, வாய்க்கால்ல போட்டு ரெண்டு நிமிசத்தில ஊறித் தாண்டுபோச்சு, குட்டி அந்த இடத்தைச் சுத்திச் சுத்தி நீந்தி வெறுங்கையா வந்தாள், எனக்குச் சரியான கவலை. பத்தாம் நாள் தையல் விட்டு மரத்தூள் கொட்டினது. படம் எடுத்து அனுப்பினன், கடைக்காரர் மறுமொழி போடேல்ல. பிறகு பழைய ஜீன்ஸ் கால் ஒண்டை வெட்டி, மூடின தண்ணிப் போத்தலை உள்ள வைச்சு, சுத்திவரத் தும்பு அடைஞ்சு தைச்சன், அது இண்டைக்கும் மிதக்குது. குளத்துக்கு மட்டும் இறக்கிறேல்ல, முதலை கிடக்கு, வாய்க்கால்தான். கண்ணிவெடி அகற்றாத காணிப் பக்கம் எறியவே எறியாதேங்கோ, நாய் சிவப்பு மண்டையோட்டுப் போட் பாத்து நிக்காது.

வேட்டைக்குப் போறியோ எண்டு கனபேர் கேக்கினம். இல்லை. காட்டுக்கோழி எங்கட தேசியப் பறவை, சட்டப்படி தொடவும் ஏலாது, எனக்கும் சுட விருப்பமில்லை. அவளுக்கு அவளின்ர வேலை தெரியவேணும், அதுக்குத்தான்.

வாங்கிறவை அரை இறாத்தல் டம்மியும் விசிலும் மட்டும் வாங்குங்கோ. தண்ணிக்கு வீட்டில தையுங்கோ, ஜீன்ஸ் துணியை ரெட்டை நூலாலதான் தைக்கவேணும்.