அரச ஆஸ்பத்திரியின் ஆரோக்கிய வாழ்க்கை நிலையம்: உடம்பை நன்றாகப் பார்க்கிறார்கள், மனதுக்கு ஒரு கதவு வேண்டும்

உங்கள் வீட்டில் 35 வயது தாண்டியவர்கள் இருந்தால், பக்கத்து அரச ஆஸ்பத்திரியில் நடக்கிற ஆரோக்கிய வாழ்க்கை நிலையத்துக்கு ஒருதரம் கூட்டிக்கொண்டு போங்கள். ஆஸ்பத்திரிக்காரர் அதை எச்.எல்.சி. என்பார்கள். காசு இல்லை. ஏதாவது வருத்தம் இருந்தால்தான் போகலாம் என்றும் இல்லை. வருத்தம் வருவதற்கு முன்னமே கண்டுபிடிக்கத்தான் 2011ல் சுகாதார அமைச்சு இதைத் தொடங்கியது. இருந்தும் எங்கள் மட்டக்களப்பு எழுவான்கரையில் கனபேருக்கு இப்படி ஒன்று நடப்பதே தெரியாது. மாமியும் நானும் போனோம், அப்புறம் என் வீட்டுக்காரர், இவரையும் கூட்டிப் போனேன். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதவில்லை. சொல்வதற்குக் குறையும் இருக்கிறது, அங்கே வேலை செய்கிற பிள்ளைகளோ நல்ல பிள்ளைகள்.

காலையில் வெறும் வயிற்றோடு போக வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் மட்டும், விடியப்புறத் தேத்தண்ணியும் கூடாது. இலக்கத் துண்டு எடுத்ததும் உயரம், நிறை, இடுப்புச் சுற்றளவு பார்ப்பார்கள். நான் தையல் செய்கிறவள், நாடா பிடிப்பதுதான் என் தொழில். அதனால் தாதி மிஸ் அளவெடுத்த விதத்தை உன்னிப்பாகப் பார்த்தேன். சாரி செருகுகிற இடத்தில் அவர் நாடாவை வைக்கவில்லை. கடைசி விலா எலும்பையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தொட்டுப் பார்த்து, இரண்டுக்கும் நடுவில் வைத்தார். "மூச்சை விடுங்க அக்கா, வயித்தை எக்க வேணாம்" என்று சொல்லி, நாடா இறுக்காமல் தோலில் பட்டதும் வாசித்தார். 88 சென்டிமீற்றர். பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90. அதற்கு மேலே போனால் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்கிறது என்று கணக்கு.

உயரம் 152 சென்டிமீற்றர், நிறை 60 கிலோ, உயரத்துக்கு ஏற்ற நிறையா என்று பார்க்கிற கணக்கான பி.எம்.ஐ. 26. வெளிநாட்டு அட்டவணைகளில் 25 வரை நல்லது என்று இருக்கும். எங்களைப் போன்ற ஆசிய உடம்புக்கு 23லிருந்தே கவனிக்க வேண்டும், ஏனென்றால் அதே நிறையிலேயே எங்களுக்குச் சீனி வருத்தம் முந்திக்கொண்டு வருகிறது. இதை மிஸ் நின்று நிதானமாக விளங்கப்படுத்தினார். வெறும் இலக்கத்தைச் சொல்லிவிட்டு "அடுத்த ஆள்" என்று கூப்பிடவில்லை.

பிரஷர் பார்க்கிற விதமும் எனக்குப் பிடித்தது. மருந்துக் கடையில் வெயிலால் வந்து மூச்சு வாங்க வாங்கக் கையை நீட்டுகிறோமே, அப்படி இல்லை. ஐந்து நிமிடம் கதிரையில் சாய்ந்து இருக்க வைத்தார்கள். காலுக்கு மேல் கால் போடக்கூடாது, இரண்டு பாதமும் தரையில் இருக்க வேண்டும், பேசக்கூடாது, கை நெஞ்சின் மட்டத்துக்கு மேசையில் இருக்க வேண்டும். இவருக்கு முதல் தரம் 152க்கு 94. கொஞ்சம் இருக்கவிட்டு மறுபடி பார்த்தார்கள்; இறங்கியும் 140க்கு மேலேதான் நின்றது. இவர் மேசன் வேலைக்காரர், சீமெந்து மூட்டையைத் தனியே தூக்குகிற ஆள், தலையிடி என்று ஒரு நாள் படுத்ததில்லை. பிரஷருக்கு உடம்பில் ஒரு அடையாளமும் காட்டத் தேவையில்லை என்று டொக்டர் சொன்னது இவருக்கு உறைத்தது.

அடுத்தது வாய். வாய்க்குள் பார்ப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. மாமி நாள் முழுக்க வெற்றிலை போடுகிறவர். மிஸ் சின்ன டோர்ச்சை அடித்து, "நாக்கைத் தூக்குங்க அம்மா, இப்ப ஒரு பக்கமாத் தள்ளுங்க" என்று முரசு, நாக்கின் அடி, கன்னத்தின் உள்பக்கம் எல்லாம் பார்த்தார். இடது கன்னத்தின் உள்ளே, மாமி வெற்றிலையை அடக்கி வைக்கிற அதே இடத்தில், துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு ஒன்று இருந்தது.

"நான் பொயிலையை விட்டுக் கனகாலம் மனே, இப்ப வெறும் பாக்கும் சுண்ணாம்பும்தான்" என்றார் மாமி.

புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கு மட்டுமே புற்றுநோயைக் கொண்டுவரும் என்று அன்றைக்குத்தான் மாமிக்குத் தெரிந்தது. இலங்கை ஆண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் முன்வரிசையில் நிற்பதற்கு இந்த வெற்றிலைப் பழக்கம் பெரிய காரணம். எங்கள் வீடுகளில் கலியாணம், சாவு எல்லாவற்றுக்கும் வெற்றிலைத் தட்டு வைக்கிறோம், ஆனால் அந்த வாயைத் திறந்து பார்ப்பவர் யாரும் இல்லை. மாமியைப் பல் கிளினிக்குக்கு எழுதிக் கொடுத்தார்கள், அங்கிருந்து பெரியாஸ்பத்திரிக்கு. சின்னத் துண்டு எடுத்துப் பரிசோதித்தார்கள். புற்றுநோய் இல்லை, ஆனால் விடாமல் வந்து காட்ட வேண்டும் என்றார்கள். மாமி பாக்கை விட்டுவிட்டார். இந்த ஒரு காரியத்துக்காகவே இந்தக் கிளினிக்குக்கு என் கையெடுத்த கும்பிடு.

எல்லாம் முடிந்ததும் டொக்டர் ஒரு வண்ண அட்டையை எடுப்பார். வயது, ஆணா பெண்ணா, புகைப்பவரா, சீனி வருத்தம் உண்டா, மேல் பிரஷர் எவ்வளவு, கொலஸ்ட்ரோல் எவ்வளவு என்று பார்த்து, அடுத்த பத்து வருடத்துக்குள் மாரடைப்போ பாரிசவாதமோ வரக்கூடிய வாய்ப்பு எந்த நிறத்தில் விழுகிறது என்று காட்டுவார். பச்சையில் தொடங்கி மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று ஏறும். நாங்கள் போன அன்று கொலஸ்ட்ரோல் பார்க்கிற ஸ்ட்ரிப் முடிந்துவிட்டது. வெளியில் செய்துகொண்டு வரச் சொன்னார்கள். நாட்கூலிக்கு வேலை செய்கிறவருக்கு அது சின்னக் காசு இல்லை. இப்படி ஸ்ட்ரிப் இல்லாத நாளுக்கென்று பி.எம்.ஐ. வைத்துப் பார்க்கிற வேறொரு அட்டை இருக்கிறது, அதைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் வந்தோம். அதில் இவர் செம்மஞ்சள். டொக்டர் விரலை அப்படியே பக்கத்துக் கட்டத்துக்கு நகர்த்தினார். அதே வயது, அதே பிரஷர், சிகரட் மட்டும் இல்லை. அங்கே மஞ்சள். இவர் ஒன்றும் பேசவில்லை, அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார். நான் வருடக்கணக்காகச் சொன்னதை அந்த ஒரு விரல் சொல்லிவிட்டது.

சாப்பாட்டுப் பேச்சும் நன்றாக இருந்தது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு உப்பு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி மட்டம். கறிக்குப் போடுவது, சோற்றுக்குப் போடுவது, கருவாட்டில் இருப்பது, மாசிச் சம்பலில் இருப்பது எல்லாம் சேர்த்துத்தான் அந்த ஒரு கரண்டி. மட்டக்களப்பில் கருவாடு இல்லாத வீடு ஏது? விடச் சொல்லவில்லை, ஊறவைத்துக் கழுவி, அந்தக் கறிக்கு வேறு உப்புப் போடாமல் சமைக்கச் சொன்னார் மிஸ். குரக்கன் பிட்டு நல்லது, ஆனால் அதையும் அளவோடு என்றார். நடை கிழமைக்கு 150 நிமிடம். நான் பின்னேரம் கடற்கரை வீதியில் நடக்கிறேன். சத்தியமாக முழங்கால் நோ குறைந்திருக்கிறது.

இனி மனது. இதில்தான் எனக்கு மனத்தாங்கல்.

டொக்டர் கேட்டார். கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன். "நித்திரை எப்படி அக்கா, மனசு சரியா இருக்கா?" என்று அன்பாகத்தான் கேட்டார். ஆனால் அவருடைய மேசைக்கும் வெளியே இருக்கிற வாங்குக்கும் நடுவில் ஒரு திரைச்சீலை, அதுவும் பாதி. வாங்கிலே இருந்தது எங்கள் ஒழுங்கைப் பெண்கள், எனக்குச் சட்டை தைக்கக் கொடுக்கிறவர்கள். அவர்கள் காதுபட யார் மனதைத் திறப்பார்கள்? "நல்லா இருக்கன் டொக்டர்" என்று சொல்லிவிட்டு எழும்பினேன். எனக்கு அப்போது நித்திரையே இல்லை. ஓவர்லொக் மெசின் வாங்க எடுத்த லோன், அதைக் கட்ட எடுத்த இன்னொரு லோன். கிழமைக் காசு எடுக்க ஆள் வருகிற நாளுக்கு முதல் இரவு நெஞ்சு படபடக்கும். இது எனக்கு மட்டும் உள்ள கதை இல்லை, எங்கள் பக்கத்தில் எத்தனையோ பெண்களின் கதை. இவருடைய பிரஷருக்கும் இதில் பங்கு இருக்கும் என்பது என் எண்ணம். உடம்பை இவ்வளவு கவனமாக அளக்கிற இடத்தில், உடம்பைக் கெடுக்கிற காரணத்தைச் சொல்ல ஒரு கதவு இல்லை.

ஆனால் அதே சுவரில் ஒட்டியிருந்த ஒரு நோட்டீஸ்தான் எனக்கு வழி காட்டியது. பிரதேச செயலகத்தில் மனக்கஷ்டத்தைக் கேட்டு வழிகாட்டுகிற உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறார், அதுவும் இலவசம். போனேன். அங்கே கதவு இருந்தது, சாத்தினார்கள். அந்த மிஸ் ஐந்து வரி உள்ள ஒரு தாளைத் தந்தார். உலக சுகாதார நிறுவனம் 1998ல் வெளியிட்ட கேள்வித்தாள் அது. கடந்த இரண்டு கிழமையில் மகிழ்ச்சியாக இருந்தேனா, அமைதியாக இருந்தேனா, சுறுசுறுப்பாக இருந்தேனா, காலையில் எழும்பும்போது களை தீர்ந்திருந்ததா, என் நாளில் எனக்குப் பிடித்த விஷயங்கள் இருந்தனவா. ஒவ்வொன்றுக்கும் பூச்சியத்திலிருந்து 5 வரை. கூட்டி நாலால் பெருக்க வேண்டும், 100தான் முழுப் புள்ளி. எனக்கு 36 வந்தது. 50க்குக் கீழே வந்தால் மனச்சோர்வு இருக்கிறதா என்று மேலும் பார்க்க வேண்டும், இதை மட்டும் வைத்து வருத்தம் என்று முடிவு கட்டக்கூடாது என்று தெளிவாகச் சொன்னார். தேவைப்பட்டால் பெரியாஸ்பத்திரியின் உளநலப் பிரிவுக்கு எழுதித் தருவதாகவும் சொன்னார்.

லோனை அவர் கட்டித் தரவில்லை. உளவளத்துணையால் வட்டி குறையாது, அதை எதிர்பார்த்து யாரும் போகாதீர்கள். ஆனால் யாருக்கு எவ்வளவு, எது முதலில் என்று ஒரு கொப்பியில் எழுத வைத்தார். அதை இவருக்கு முன்னால் விரித்து வைக்கச் சொன்னார். மறைத்து வைத்த பாரம் இரண்டு பேர் தோளுக்கு வந்த பிறகு நித்திரை திரும்பியது. இப்போது அந்தத் தாளை நானே மாதத்தில் ஒருதரம் நிரப்பிப் பார்க்கிறேன். கடைசியாக 60.

அவர் கேட்ட இன்னொரு கேள்வி: "கடைசியா எப்ப கோயிலுக்குப் போனீங்க?" பக்தியைச் சோதிக்கக் கேட்கவில்லை. எங்கே போனால் ஆறுதல், யாரோடு இருந்தால் ஆறுதல் என்று தேடித்தான் கேட்டார். கடன் கொடுத்தவர்கள் கண்ணில் படக்கூடாது என்று நான் கோயில் வாசலையே மறந்திருந்த காலம் அது. அந்த வைகாசியில் கண்ணகை அம்மன் கதவு திறந்த நாளிலிருந்து கடைசிச் சடங்கான குளிர்த்தி வரைக்கும் போய் இருந்தேன். கண்ணகி கதையைப் பாடுகிற வழக்குரை படிக்கும்போது, நியாயம் கேட்டு நிற்கிற அந்தப் பெண்ணின் கதையில் என் நெஞ்சில் கட்டியிருந்த ஏதோ ஒன்று கரைந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் யாரும் கடனைப் பற்றிக் கேட்கவில்லை, வேப்பிலை வாசத்தோடு ஒரு கிண்ணம் பாயாசத்தைத்தான் நீட்டினார்கள். இதை எந்த மெசினும் அளக்காது, அளக்கவும் வேண்டாம். ஆனால் கிளினிக்கில் தருகிற பதிவுப் புத்தகத்தில் "உங்களுக்கு எதில் ஆறுதல்?" என்று ஒரு வரி சேர்த்தால் என்ன?

கோயில், நோன்பு என்று இப்படிக் கேட்டுவைப்பது மருந்துக்கும் உதவும். கிளினிக்குக்குப் போன அன்றைக்கு என் பக்கத்தில் இருந்த காத்தான்குடி ராத்தா சீனிக் குளிசை போடுகிறவர், நோன்பு நெருங்கிக்கொண்டிருந்தது. அவராகவே கேட்டார். நோன்புக்கு முன்னமே வந்து சொன்னால் குளிசையின் நேரத்தையும் அளவையும் மாற்றித் தரலாம், தானாக நிறுத்தக்கூடாது என்று டொக்டர் பதில் சொன்னார். கேட்காமல் போகிறவர்கள் எத்தனை பேரோ.

போகிறவர்களுக்கு: பழைய ரிப்போட் இருந்தால் கொண்டு போங்கள், போடுகிற குளிசைகளைப் பெட்டியோடு கொண்டு போங்கள், சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், இரத்தம் எடுத்த பிறகு பசி கண்ணைக் கட்டும். மனம் தாங்காத நேரத்தில் எந்த ஆஸ்பத்திரிக்கும் போகாமலே 1926க்கு அழைக்கலாம், அது தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம். 35, 45 வயதுப் பெண்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் சுவநாரி கிளினிக்கையும் கேளுங்கள். கர்ப்பப்பைக் கழுத்தும் மார்பும் அங்கே பார்ப்பார்கள்.

ஆண்கள் இந்தக் கிளினிக்குக்கு வருவது குறைவு. நாங்கள் போன நாளிலும் வாங்கு முழுக்கப் பெண்கள்தான். கிழமை நாளில் காலையில் வைத்தால் மேசனும் மீன்பிடிக்காரனும் எப்படி வருவான்? அதனால் எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து ஆஸ்பத்திரி அபிவிருத்திக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம். கேட்டிருப்பது இரண்டே விஷயம்: மாதத்தில் ஒரு சனிக்கிழமை கிளினிக், டொக்டரின் மேசை இருக்கிற இடத்துக்குச் சாத்தக்கூடிய ஒரு கதவு. உங்கள் ஊர் ஆஸ்பத்திரியிலும் இதே குறை இருந்தால் நீங்களும் எழுதுங்கள்.